வலது பக்கம் மட்டும் திரும்பிய வண்டி

எங்கள் பக்கத்தில் என்னைத் தெரியாதவர்கள் கம்மி. நல்ல காரியம் எதற்காகவும் இல்லை. செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குக் கொஞ்சம் தள்ளி, சைக்கிளும் ஸ்கூட்டரும் வாடகைக்கு விடுகிறேன். வெளிநாட்டுக்காரர்கள்தான் ஜாஸ்தி வருவார்கள். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் மூன்று வார்த்தை: எஸ், நோ, பஞ்சர். இந்த மூன்றை வைத்தே இருபத்தைந்து வருடம் ஓட்டிவிட்டேன். ஐந்தாம் வகுப்பை இரண்டு முறை படித்தவன் நான். பாடம் பிடித்துப்போய் இல்லை. வாத்தியாருக்கு என்னை விட மனசு வரவில்லை என்று வீட்டில் சொல்லிக்கொண்டேன்.

இதோடு நின்றிருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன். எனக்குப் பழைய கார் பைத்தியம். குடிக்கிறவனாவது சாயங்காலம் பாட்டுப் பாடிக்கொண்டு வீட்டுக்கு வருவான். நான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வருவேன். அவன் மேல் சாராய வாசனை, என் மேல் கிரீஸ் வாசனை. இரண்டு பேரையும் வீட்டில் ஒரே மாதிரிதான் வரவேற்பார்கள்.

காரைக் கொடுத்தவர் ஊருக்குள் லாட்ஜ் வைத்திருக்கிற ஒரு பெரியவர். ஒரு காலத்தில் அதை வாடகைக்கு விட்டிருந்தார். பிறகு லாட்ஜுக்குப் பின்னால் நிறுத்திவிட்டு மறந்தே போனார். நான் பார்க்கும்போது அது ஒரு அம்பாசிடர் என்பதற்கு மூக்கு மட்டும்தான் சாட்சி. தரைத் தகடு துருப்பிடித்து ஓட்டையாகி, அதன் வழியாக ஒரு வேப்பங்கன்று ஸ்டியரிங் உயரத்துக்கு வளர்ந்திருந்தது. பின் சீட்டில் ஒரு நாய் குட்டி போட்டிருந்தது.

"எடுத்துனு போப்பா. போறப்ப அந்த நாயையும் எடுத்துனு போ" என்றார் பெரியவர்.

நாய் வரவில்லை. அதற்கு என்னைவிட விவரம் ஜாஸ்தி.

என் வீடு அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையில், மலை இருக்கிற பக்கம். வீட்டை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை. அதில் காரை இறக்கிய நாளிலிருந்து நான்கு வருடம் அதோடு மல்லுக்கட்டினேன். காலையில் கடை திறப்பதற்கு முன்னால் ஒரு மணி நேரம், ஞாயிற்றுக்கிழமை முழுக்க. இன்ஜினை இறக்கி ஏற்றினேன். தரைக்குப் புதுத் தகடு வைத்தேன். வெல்டிங் பொறி பட்டு ஐந்து பனியனில் ஓட்டை விழுந்தது. ஆறாவதை ஓட்டையோடு பிறந்ததாகவே நினைத்துப் போட்டுக்கொண்டேன். சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே காருக்கு அடியில் மல்லாந்து படுத்தால், மேலிருந்து சூடு, கீழிருந்து சூடு, நடுவில் நான் தோசை. ஒரு போல்ட்டைக் கழற்ற மூன்று நாள் ஆகும். கழன்றதும் சந்தோஷம் வரும் என்று நினைப்பீர்கள். வராது. அடுத்த போல்ட் தெரியும்.

எனக்குத் துணை ஒரு டிங்கர், தகடு தட்டி உருவம் கொண்டுவருகிற ஆள். பஸ் டிப்போவில் வேலை பார்த்து ரிடையர் ஆனவன், என் வயசுதான், என்னை மாமா என்று கூப்பிடுவான். வாழ்க்கை முழுக்க பஸ்ஸையே தட்டியதால் அவன் கைக்கு எது கிடைத்தாலும் பஸ்ஸாகத்தான் மாறும். காரின் வலது முன் மட்கார்டு, அதாவது சக்கரத்துக்கு மேலே கவிழ்ந்திருக்கிற தகடு, அப்பளம் மாதிரி நொறுங்கிக் கிடந்தது. இவன் ஒரு எண்ணெய் டிரம்மை வெட்டி விரித்து, ஒரு மாதம் தட்டி, புதிதாக ஒன்று செய்துகொடுத்தான். ஓரத்தின் பின்பாதியை நான்கு விரல் அகலத்துக்கு உள்பக்கமாக மடக்கியிருந்தான்.

"இன்னாடா, இவ்ளோ மடக்கிட்ட?"

"பஸ்ஸுக்கு அப்டித்தான் மடக்குவோம் மாமா. யான வந்து முட்னாலும் நசுங்காது."

"நம்மூர்ல யான எங்கடா காரை முட்டுது?"

"முட்டுச்சுனா அப்ப எனக்கு நன்றி சொல்லு."

டயர் விஷயத்தில் தப்பு என்னுடையது. பழைய டயர் எல்லாம் வெடித்துப்போயிருந்தது. ஒரு உடைந்த வேனின் ரிம்மும் டயரும் கிடைத்தன. கார் டயரைவிட நல்ல அகலம். டயர் ஓரத்தில் எண்ணெல்லாம் எழுதியிருந்தது. அதைப் படிக்கிற ஆளாக இருந்தால் நான் ஏன் பஞ்சர் ஒட்டப்போகிறேன்? வட்டமாக இருந்தது, மாட்டிவிட்டேன். குண்டு டயரில் கார் தெரு ரவுடி மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றது. கடைக்கு வந்த ஒரு வெள்ளைக்காரப் பெண் அதைப் பார்த்துவிட்டு "பியூட்டிஃபுல்" என்றாள். நான் "பஞ்சர்?" என்று கேட்டேன்.

என் மனைவி மட்டும் அந்தக் காரை ஒரு நாளும் கார் என்று சொன்னதில்லை. "அது" என்பாள். அது இன்னைக்கு எழுந்துச்சா? அதுக்குச் சோறு வைக்கட்டா? அவள் ஆசிரமத்துப் பக்கம் இருக்கிற கெஸ்ட் ஹவுஸ்களுக்கும் ஓட்டல்களுக்கும் இட்லி மாவு அரைத்துக் கொடுக்கிறாள். இரண்டு கிரைண்டரும் சமையலறையில் நெருக்கிக்கொண்டு நிற்கும். மூன்றாவது வாங்க இடம் இல்லை. கொட்டகை கிடைத்தால் இடம் கிடைக்கும். அவள் சொல்வது நியாயம்தான். நியாயம் அவள் பக்கம் இருப்பதால்தான் நான் அதிகம் பேசுவதில்லை.

போன ஆவணியில் அவளுடைய அக்கா புது வீட்டுக்குப் பால் காய்ச்ச நாள் குறித்தார்கள். போளூர் ரோட்டில் போய், மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற ஒரு கிராமம். தங்கச்சி கைராசிக்காரி, அவள் கையால்தான் முதல் பால் பொங்கணும் என்று அக்காவுக்கு ஒரு நம்பிக்கை. காலை ஒன்பதரைக்குள் நல்ல நேரம் முடிகிறது.

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "கார்லயே போலாம் மே" என்றேன்.

அவள் மாவு வழிக்கிற கையை நிறுத்தினாள். "எதுல?"

"நம்ம கார்ல. பேப்பர்லாம் சரி பண்ணியாச்சு. இன்ஜின் பட்டு மாதிரி ஓடுது."

"த பாரு. நான் ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கோ. அது என்னக் கொண்டும்போய் எங்கக்கா வூட்டு வாசல்ல நேரத்துக்கு எறக்கணும். எறக்கிச்சுனா, கொட்டாய்ல அது பாட்டுக்கு நிக்கட்டும், நான் இனிமே வாயத் தொறக்க மாட்டேன். எறக்கலன்னா மறுநாளே காயலாங்கடைக்குப் போயிடணும். சரியா?"

"சரி."

"கற்பூரம் ஏத்திச் சொல்லு."

"கேஸ் அடுப்பு எரியுதே, அது போதாதா?"

"யோவ்!"

"சரி மே, சத்தியமா."

எனக்குக் கொஞ்சமும் பயம் இல்லை. ஏன் என்றால், அந்தக் காரை ஐம்பது தடவையாவது ஓட்டிப் பார்த்திருந்தேன். எங்கள் ஊரில் எந்த வண்டியை ரிப்பேர் பண்ணினாலும் ஒரு பழக்கம் உண்டு. சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, மலையை ஒரு சுற்று சுற்றி வந்து பார்ப்போம். பதினான்கு கிலோமீட்டர், நடுவில் ஊர், மேடு பள்ளம், நெரிசல் எல்லாம் இருக்கிறது. ஒரு சுற்றுக்குத் தாங்கினால் வண்டி சரி. பஸ்ஸும் ஆட்டோவும் அந்த ரோட்டில் இரண்டு பக்கமும்தான் போகின்றன. அது பிழைப்பு. ஆனால் முதல் ஓட்டம் வேண்டுதல் மாதிரி. அதைக் கொண்டுபோய் மலைக்கு இடமாகச் சுற்ற யாருக்கும் மனசு வராது. மலை எப்போதும் வலது கைப்பக்கம் இருக்கணும். பிரேக் மாற்றினாலும் ஒரு சுற்று, ஹாரன் மாற்றினாலும் ஒரு சுற்று. பக்தர்கள் புண்ணியத்துக்குச் சுற்றினார்கள், நான் கிளட்சுக்குச் சுற்றினேன்.

கிளம்புகிற நாள் காலை ஏழு மணிக்கு அவள் பட்டுப்புடவையில் வந்து நின்றாள். பின் சீட்டில் சீர் பாத்திரங்களை அடுக்கினோம். பால் காய்ச்சுகிற பித்தளைப் பானையை மட்டும் அவள் மடியில் வைத்துக்கொண்டாள். முன் சீட்டில், எனக்குப் பக்கத்தில். நான்கு வருடத்தில் முதல் தடவை. கதவைச் சாத்தியபோது சத்தம் கனமாக, நன்றாக இருந்தது. அவள் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்ததைப் பார்த்தேன். பார்க்காத மாதிரி செல்ஃபை அடித்தேன். முதல் அடியிலேயே பிடித்துக்கொண்டது.

"பரவால்லியே" என்றாள்.

அந்த ஒரு வார்த்தைக்காக இன்னும் நான்கு வருடம் காருக்கு அடியில் படுக்கலாம் போல இருந்தது. இடுப்பு மட்டும் வேண்டாம் என்றது.

கொட்டகையிலிருந்து நேராக வெளியே வந்து, வலது பக்கம் திரும்பி ரோட்டில் ஏறினோம். மலை வலது பக்கம் கூடவே வந்தது. வேலைக்குப் போகிறவர்கள், சாமியார்கள், மாடுகள் எல்லாம் வண்டியைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு சாமியார் கையெடுத்துக் கும்பிட்டார். வண்டியையா, அதில் ஏறிய இவளுடைய தைரியத்தையா தெரியவில்லை. மலைக்கு வடக்குப் பக்கம் வந்து, ஊர் நெருங்குகிற இடத்தில் போளூர் ரோட்டுக்கு இடது பக்கம் திரும்பணும்.

ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடித்தேன். பாதி திரும்பியது. மேலே ஒடித்தேன். "டர்ர்ர்" என்று, மாட்டுக் கொம்பை இழைப்பது போல ஒரு சத்தம். ஸ்டியரிங் அதற்கு மேல் அசையவில்லை. வண்டி பாதி திரும்பின நிலையிலேயே ரோட்டைக் கடந்து நேராக இளநீர்க் கடையைப் பார்த்துப் போனது. பிரேக்கில் ஏறி நின்றேன். இளநீர்க் குவியலுக்கும் பம்பருக்கும் நடுவில் ஒரு சாண் இருந்தது.

கடைக்காரம்மா அரிவாளை இறக்கவில்லை. "யோவ், இளநீ வோணும்னா எறங்கி வந்து கேளு. காரோட குடிக்கப் பாக்கறியா?"

"ஸ்டேரிங் கொஞ்சம் டைட்டுமா."

"கண்ணாலம் பண்ண புதுசுல எல்லாம் அப்டித்தான் இருக்கும்" என்று என் மனைவியின் பட்டுப்புடவையைப் பார்த்துச் சொன்னாள். கல்யாணமாகி இருபத்தாறு வருடம்.

இறங்கிப் பார்த்தேன். வலது முன் டயரில் ஒரு கோடு, கத்தியால் கிழித்த மாதிரி. ரப்பர் கருகின நாற்றம். எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஸ்டியரிங்கை இடது பக்கம் முழுசாக ஒடித்தால் வலது டயரின் பின்பாதி வெளியே வரும். அங்கே என் நண்பன் யானைக்காக மடக்கி வைத்த நான்கு விரல் தகடு காத்துக்கொண்டிருந்தது. என் குண்டு டயர் நேராகப் போய் அதில் சொருகிக்கொண்டது. இடது பக்க மட்கார்டு பழையது, கம்பெனி செய்தது, அதில் இடம் இருந்தது. அதனால் வலது பக்கம் எவ்வளவு ஒடித்தாலும் ஒன்றும் ஆகாது.

ஐம்பது தடவை மலையைச் சுற்றினேனே, ஒரு தடவை கூடவா இது தெரியவில்லை? யோசித்துப் பார்த்தேன். கொட்டகையிலிருந்து வலது. ரோட்டோடு போனால் வளைவெல்லாம் வலது. ஊருக்குள் வலது, செங்கம் ரோட்டுக்கு வலது, கிரிவலப் பாதைக்கு வலது, வீட்டுக்குள் வலது. பின்னால் இருக்கிற காலி மனையைச் சுற்றி வந்து கொட்டகைக்குள் நுழைய, அதுவும் வலது. லேசாக இடது பக்கம் விலகினால் ஒன்றும் தெரியாது, முழுசாக ஒடித்தால்தான் மாட்டும். நான்கு வருடத்தில் நான் ஒரு தடவை கூட முழுசாக இடது பக்கம் ஒடிக்கவே இல்லை.

சாமி மேல் பாரத்தைப் போட்டு வண்டி ஓட்டுகிறவன் உலகத்தில் நான் ஒருத்தன் இல்லை. ஆனால் அதனாலேயே ஸ்டியரிங்கில் ஒரு பக்கத்தைத் தொடாமல் விட்டவன் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

அவளிடம் சொல்லவில்லை. மணி ஏழே முக்கால்தான் ஆகிறது, இன்னும் நேரம் இருக்கிறது. திரும்ப ஏறி, வண்டியை நிமிர்த்தி, நேராகப் போனேன். ஒரு தெருவில் வலது, அடுத்த தெருவில் வலது, அதற்கடுத்ததில் வலது. மூன்று வலது திரும்பினால் ஒரு இடது என்று எந்த வாத்தியாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, நானே கண்டுபிடித்தேன். வண்டி போளூர் ரோட்டைப் பார்த்து நேராக நின்றது. பெருமையாகக்கூட இருந்தது.

"ஏங்க" என்றாள். "அந்த இளநீக் கடய மறுபடி பாக்கறனே."

"வேற கடை மே."

"அரிவாள ஆட்டிக் காட்டறாளே. வேற கடைக்காரி எதுக்கு எனக்கு ஆட்டிக் காட்றா?"

நான் ஹாரன் அடித்தேன். யாரும் எதிரில் இல்லை.

போளூர் ரோடு நேராக இருந்தது. இன்ஜின் நன்றாக ஓடியது. ஜன்னல் காற்றில் அவள் தலையில் வைத்திருந்த கனகாம்பரம் ஆடியது. அவள் எதுவும் கேட்கவில்லை, நானும் எதுவும் சொல்லவில்லை. அந்த ஒரு மணி நேரம் நல்ல ஒரு மணி நேரம். ஆனாலும் எனக்கு உள்ளே களைப்பாக இருந்தது. கண் ரோட்டைப் பார்த்தது, மனசு இனிமேல் வரப்போகிற இடது பக்கங்களைத்தான் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனது.

கிராமத்துக்குப் பிரிகிற ரோடு இடது பக்கம். தாண்டிப் போய், அகலமான இடம் பார்த்து, வலது பக்கம் முழுசாக வளைத்துத் திரும்பி வந்து, வலது பக்கமாக உள்ளே நுழைந்தேன்.

"ஏன்யா, வழி தெரியாதா உனக்கு? எத்தினி வாட்டி வந்துருக்கோம்!"

"பேசினு வந்ததுல தாண்டிட்டேன்."

"எவன் பேசினான்?"

உள்ரோடு ஒரு வண்டி மட்டும் போகிற அகலம். முதல் ஒன்றரைக் கிலோமீட்டர் நேர்கோடு. அதன் முடிவில் ஒரு குளம். குளக்கரையில் ரோடு இடது பக்கம் ஒடிகிறது. வலது பக்கம் குளம், இடது பக்கம் ஒரு கல் சுவர். சுற்றிப் போக வேறு தெருவே கிடையாது. அந்த வளைவில் நான் எத்தனை தடவை பஸ்ஸில் தூங்கிக்கொண்டு போயிருக்கிறேன். அது எந்தப் பக்கம் வளைகிறது என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஒடித்தேன். டர்ர்ர். பின்னால் எடுத்து, மறுபடி ஒடித்தேன். டர்ர்ர். நான்கு தடவை, ஐந்து தடவை. டயரிலிருந்து புகை வந்தது. ஏழாவது தடவை முன் சக்கரம் கரை மண்ணை உதிர்த்தது, மண் தண்ணீரில் விழுகிற சத்தம் காருக்குள் கேட்டது. அவள் பானையை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"நிறுத்து. நிறுத்துயா. இன்னா ஆச்சு, உண்மையச் சொல்லு."

சொன்னேன். இடது பக்கம் திரும்பாது என்று.

அவள் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாள். கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "வலது பக்கம் திரும்புமா?" என்று கேட்டாள்.

"நல்லாத் திரும்பும்."

"உன்ன மாதிரியேதான் பண்ணி வச்சிருக்க" என்றாள். கதவைத் திறந்து, பானையோடு இறங்கினாள். மணி ஒன்பதரையை நெருங்கிக்கொண்டிருந்தது. அக்கா வீடு இன்னும் இரண்டு கிலோமீட்டர். தூரத்தில் ரேடியோ செட் பாட்டுச் சத்தம் கேட்டது.

அப்போது பின்னாலிருந்து புல்லுக்கட்டு ஏற்றின ஒரு மொபெட் வந்தது. ஓட்டியவர் அந்த ஊர்க்காரர். இவள் யார் வீட்டுப் பெண் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

"இன்னாமா, பால் காய்ச்சறவங்க இங்க நிக்கறீங்க? அங்க தேடினு இருக்காங்க."

"எறக்கி வுட்றீங்களாண்ணே?"

"புல்லு மேல உக்காருவீங்களா? ஈரமா இருக்கும்."

"இதுல உக்காந்து வந்தேனே, அதவிடவா?" என்று என் காரைக் கையால் காட்டிவிட்டு, பட்டுப்புடவையோடு புல்லுக்கட்டின் மேல் ஏறி உட்கார்ந்தாள். மொபெட் இடது பக்கம் சுலபமாக ஒடிந்து, சுவருக்குப் பின்னால் மறைந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

நானும் பின்னாலேயே நடந்து போயிருக்கலாம். ஆனால் எனக்குப் பின்னால் கரும்பு ஏற்றின ஒரு டிராக்டர் வந்து நின்றுவிட்டது. டிரைவர் இறங்கி வந்து, டயரைப் பார்த்தார், மட்கார்டைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார்.

"இத யாருண்ணே செஞ்சது?"

"நான்தான்."

"எதுக்கு?"

நான்கு வருடத்தில் என்னை யாரும் இவ்வளவு நேராகக் கேட்டதில்லை. பதில் தேடினேன். அவர் காத்திருந்தார், கரும்பு காத்திருந்தது. "சும்மாதான்" என்றேன்.

அவர் முதலில் ஒன்றரைக் கிலோமீட்டர் ரிவர்ஸிலேயே போனார், அவருக்கு முன்னால் நானும் ரிவர்ஸிலேயே போனேன். கழுத்து திருகிக்கொண்டது. சட்டையெல்லாம் எண்ணெயும் வியர்வையும். மெயின் ரோட்டுக்கு வந்தபோது மணி பத்து. பால் பொங்கியிருக்கும். இந்தக் கோலத்தில் புது வீட்டு வாசலில் போய் நின்று, "கார் எங்கே சகலை?" என்று அக்கா புருஷர் கேட்டு, அதற்கு நான் இளித்து... முடியவில்லை. வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். சீக்கிர வழியில் போனால் வீட்டு வாசலில் இடது பக்கம் திரும்பணும். அதனால் ஊருக்குள் புகுந்து, கோயிலைத் தாண்டி, செங்கம் ரோட்டில் என் கடை வாசல் வழியாகவே சுற்றிக்கொண்டு வந்தேன். பின் சீட்டில் சீர் பாத்திரங்கள் வழியெல்லாம் கடகடவென்று சிரித்தன.

கொட்டகையில் நிறுத்திவிட்டு, இன்ஜினை அணைத்துவிட்டு, உட்கார்ந்தபடியே காயலாங்கடைக்காரருக்குப் போன் போட்டேன். வாக்கு வாக்குதான். காலையில் சின்ன லாரியோடு வருகிறேன் என்றார்.

போனை வைத்ததும் எனக்கு அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. உடம்பு லேசாக இருந்தது. இனிமேல் ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது. இனிமேல் மல்லாந்து படுத்தால் தூங்கலாம். யாரோ என் மேல் நான்கு வருடமாக ஏறி உட்கார்ந்திருந்து இப்போது எழுந்து போனது போல இருந்தது. அந்த ஆளும் நான்தான் என்பது வேறு விஷயம். கையைக் கூடக் கழுவாமல் போய்ப் படுத்துத் தூங்கினேன். அவ்வளவு நல்ல தூக்கம் தூங்கி எத்தனை நாள்!

சாயங்காலம் அவள் பஸ்ஸில் வந்து இறங்கினாள். நிறுத்தத்தில் போய் நின்றிருந்தேன். பட்டுப்புடவையில் பின்பக்கம் பச்சைக் கறை. கையில் தூக்குவாளியும் ஒரு காகிதப் பொட்டலமும்.

"நேரத்துக்குப் போனியா?" என்றேன்.

"பத்து நிமிஷம் லேட்டு. அக்காவே காய்ச்சிட்டா. அப்பறம் எனக்காக ரெண்டாவது பானை வச்சாங்க. அதுவும் பொங்கிச்சு." வாளியை என்னிடம் கொடுத்தாள். "அக்கா கொஞ்ச நேரம் அழுதுனு இருந்தா. என்னப் பாத்து எல்லாரும் கார் எங்க, கார் எங்கனு ஒரே கேள்வி."

"நீ இன்னா சொன்ன?"

"இன்னா சொல்றது? காருக்கு ஒண்ணும் இல்ல, நல்லாத்தான் ஓட்டினு வந்தாரு, பாதி வழில அவுருக்குத்தான் வயிறு கலக்கி அப்டியே திரும்பிட்டாருனு சொன்னேன்."

நான் நின்றுவிட்டேன். "எனக்கா?"

"பின்ன, ரெண்டுல ஒண்ணச் சொல்லியாகணுமே. வூட்டுக்காரன் நாலு வருஷம் தட்டின காரு இடது பக்கம் திரும்பாதுனு எந்தப் பொம்பள சொல்லுவா? வயித்துவலி யாருக்கும் வரும்."

கொஞ்ச தூரம் நடந்தோம். மலை மேல் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது.

"இப்ப ஒரு வம்பு" என்றாள். "அக்காவும் மாமாவும் லீவுல புள்ளைங்களோட வராங்களாம். ஊரெல்லாம் கார்லயே சுத்திக் காட்டணுமாம். நானும் சரினு சொல்லி வச்சிட்டேன்."

"மே, நான் காயலாங்காரருக்குச் சொல்லிட்டேன். காத்தால வராரு."

இப்போது அவள் நின்றாள். "யாரக் கேட்டுச் சொன்ன?"

"நீதான மே சொன்ன! நேரத்துக்கு எறக்கலன்னா மறுநாளேனு. சத்தியம்லாம் வாங்கின."

"நான் ஆயிரம் சொல்லுவேன். நான் சொன்னதெல்லாம் இத்தினி வருஷம் கேட்டுட்டியா, இத மட்டும் ஓடிப்போய் கேக்கற?"

இப்போதுதானே உடம்பு லேசானது, அதற்குள்ளாகவா என்று மட்டும் தோன்றியது. "எனக்கு முடில மே" என்றேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. "இடுப்பு போச்சு. வுட்டுடலாம்னு நெனச்சேன். வுட்டதும் நல்லாக்கூட இருந்துச்சு."

அவள் என் முகத்தை உற்றுப் பார்த்தாள். அவளுக்கும் புரிந்தது என்றுதான் நினைக்கிறேன், ஏனென்றால் அதற்குப் பிறகு குரல் இறங்கியது. "அவங்க வந்துட்டுப் போற வரைக்கும் இருக்கட்டும். அதுக்கப்பறம் உன் இஷ்டம், வுட்டுடு. நான் ஒண்ணும் சொல்லல. ஆனா இப்ப அனுப்பினா நான் பொய் சொன்னவளா ஆயிடுவேன்."

காலையில் காயலாங்கடைக்காரர் லாரியோடு வந்தார். அவரிடம் அவளே பேசினாள். வண்டியைத் தருவதாக இல்லை, தப்பாகச் சொல்லிவிட்டார், டீ குடித்துவிட்டுப் போங்கள் என்றாள். அவர் டீயைக் குடித்தபடியே காரைச் சுற்றி வந்தார். "நாலு பேர் போன் பண்ணா மூணு பேர் இப்டித்தான்" என்று டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

அடுத்து டிங்கர் வந்தான். டயரில் இருந்த கோட்டைப் பார்த்தான். மடிப்பை விரலால் தடவினான். பிறகு, "பஸ்ஸுல இப்டி வந்ததே இல்ல மாமா" என்றான்.

"பஸ்ஸு ரெண்டு பக்கமும் திரும்புதே, அதனாலயா இருக்கும்."

"மடிப்பை வெட்டிடலாம். வெட்டினா ஓரம் கத்தியாட்டம் நிக்கும், திருப்பி மடக்கணும், பட்டி பாக்கணும், பெயிண்ட் அடிக்கணும். ரெண்டு மாசம் ஆவும்."

"லீவுக்கு ஒன்றரை மாசம்தான் இருக்குது."

"அப்ப காத்தால அஞ்சு மணிக்கே ஆரம்பிக்கணும்."

தரையில் சாக்கை விரித்தேன். ஜாக்கியை வைத்துத் தூக்கினேன். குனியும்போது இடுப்பில் பழைய இடத்தில் பழைய வலி, போன இடத்திலிருந்து திரும்பி வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து அவள் ஒரு டம்ளரோடு வந்து நின்றாள். கஷாயம். நேற்று அக்கா கொடுத்தனுப்பிய பொட்டலம் இதுதான் போல. நாற்றம் தூரத்திலேயே தெரிந்தது.

"இது எதுக்கு? எனக்குத்தான் வயிறு நல்லா இருக்குதே!"

"குடி. மத்தியானம் அக்கா போன் பண்ணிக் கேப்பா, அவரு குடிச்சாரானு. என்னால பொய் சொல்ல முடியாது."

டிங்கர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான். அவன் தோள் மட்டும் குலுங்கியது. நான் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே மூச்சில் குடித்தேன். டம்ளரை அவளிடம் கொடுத்துவிட்டு, மல்லாந்து காருக்கு அடியில் நகர்ந்தேன்.